சூடான சாக்லேட்டில் புரோட்டீன் பவுடர் திரிந்தால்

கொதிக்கும் பாலில் கோகோவோடு வே (whey, பால் திரிந்ததும் பிரியும் தெளிநீர்) புரோட்டீன் பவுடரையும் போட்டதும் முட்டைப் பொரியல் மாதிரி திரிந்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். பவுடர் கெட்டுப்போகவில்லை. வே புரதம் 70 டிகிரி தாண்டினாலே இறுகத் தொடங்கும், அவ்வளவுதான். அதிலுள்ள புரதம் எங்கும் போய்விடாது.

கோகோ, சர்க்கரை மட்டும் போட்டு 200 மி.லி. பாலைக் காய்ச்சி இறக்குங்கள். வாய் பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். அதற்குள் பவுடரை நாலு ஸ்பூன் குளிர்ந்த பாலில் கட்டியில்லாமல் குழைத்து, அதில் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். மறுபடி அடுப்பில் வைக்க வேண்டாம். நான் ஒருமுறை வைத்துவிட்டு, அப்புறம் டீ வடிகட்டியோடு மல்லாடினேன்.

பவுடர் வாடையே பிடிக்கவில்லையா? கொழுப்பு நீக்கிய பால்பவுடர் 15 கிராம் கலந்தால் சுமார் 5 கிராம் புரதம் கூடும். கொதித்தாலும் அப்படித் திரியாது. எனக்கு இதுதான் ருசி.