ஃபியூஸ் வேற, லைட் மங்குறது வேற

தம்பி, பினாங்கு ஜெலுத்தோங்கில கார் இடிபட்டு பம்பர் மாத்தின பிறகு, இடது சிக்னல் போட்டாலே 10 ஆம்பியர் ஃபியூஸ் போகுது, ஹெட்லைட்டும் மங்குதுன்னு எழுதியிருக்கீங்க. ஃபியூஸ் போறது, பெரும்பாலும் வயர் தோல் உரிஞ்சு பாடியில உரசுறதால. தயவுசெஞ்சு 20 ஆம்பியர் போட்டுப் பார்க்காதீங்க, அப்புறம் வயர்தான் எரியும். பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டிட்டு, ஹெட்லைட் பின்னாடி போற வயர் கட்டைப் பிரிங்க. தகடு மடங்கின இடத்துல நசுங்கியிருக்கும். லைட் மங்குறதுக்கு எர்த் போல்ட்டைப் பாருங்க, அதான் எர்த் வயரைக் கார் பாடியோட இணைக்கிற போல்ட். பெயின்ட் அடிச்சவங்க அதுக்கு மேலேயே ஸ்ப்ரே பண்ணிடுவாங்க (இவங்களுக்கு எப்பவும் அவசரம்), சுரண்டி இறுக்குங்க. அறுந்த வயரை முறுக்கி டேப் சுத்தினா பினாங்கு மழைக்கு நிக்காது: அதே தடிமன் வயர், கிரிம்ப் (நசுக்கி வயரை இணைக்கிற உலோகக் குழாய்), அதுக்கு மேல உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கி இறுகுற உறை) போடுங்க. மஞ்சள் உறை போட்டது ஏர்பேக் வயர். அதுல கை வைக்காதீங்க, ஒர்க்‌ஷாப்புக்கே விடுங்க.