பின்பக்கக் கதவில் பூட்டு: பொறுப்பு யாருக்கு?

கேள்வி: மூன்று தளங்கள் கொண்ட ஒரு வணிகக் கட்டடத்துக்கு நான் மேலாளர். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். வாடகை வசூல், பராமரிப்பு, சாவிக்கொத்து எல்லாம் என்னிடம்தான். தரைத்தளத்தில் கடை, முதல் மாடியில் அலுவலகம், இரண்டாம் மாடியில் பயிற்சி மையம். திருட்டுக்குப் பயந்து பயிற்சி மையத்தினர் பின்பக்கப் படிக்கட்டுக்குப் போகும் கதவில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கடைக்காரர் அட்டைப்பெட்டிகளை அந்தப் படிக்கட்டின் அடியில் அடுக்கி வைக்கிறார். இப்போது தீயணைப்புத் துறையிலிருந்து உரிமையாளர் பெயருக்கும் என் பெயருக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. "தீப் பாதுகாப்பு வாடகைதாரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு" என்கிறார் உரிமையாளர். போடலாமா? சம்பளத்துக்கு வேலை பார்க்கும் என் மேல் வழக்கு வருமா?

பதில்: முதலில் அந்தக் கையெழுத்து. போடாதீர்கள். கதவு பூட்டியிருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே "எல்லாம் சரி" என்று எழுதிக் கொடுத்தால், கவனக்குறைவு என்ற நிலையிலிருந்து அதிகாரியிடம் பொய் சொன்ன குற்றத்துக்கு நீங்களே நடந்து போகிறீர்கள். இதுவரை உங்கள் மேல் இல்லாத ஒரு பழியை உங்கள் பேனாவே கொண்டுவந்து சேர்க்கும்.

அடுத்து, வழக்கு வருமா என்ற கேள்வி. வரலாம். சட்டங்களின் பெயரும் பிரிவு எண்களும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அவை கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அந்த இடம் யார் கட்டுப்பாட்டில் இருந்தது? சொத்துப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, சம்பளம் யார் தருகிறார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு தீப் பாதுகாப்பு ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையிடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அந்த முதலாளி முதல் பொறுப்பாளி. அதோடு நிற்காமல், கட்டடத்தில் எந்த அளவுக்கு ஒருவருக்குக் கட்டுப்பாடு இருக்கிறதோ அந்த அளவுக்கு அவருக்கும் கடமை உண்டு என்கிறது. பராமரிப்பை ஒப்பந்தப்படி ஏற்றுக்கொண்டவரும் இதில் அடக்கம். மீறி உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் அங்கே வரம்பில்லாத அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். உங்கள் கையில் சாவிக்கொத்து இருக்கிறது. நோட்டீஸில் உங்கள் பெயர் ஏன் வந்தது என்பதற்கு அதுவே விடை.

உரிமையாளர் நம்பியிருக்கும் ஒப்பந்தப் பிரிவு பயனே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். வாடகைதாரரால் நஷ்டம் வந்தால் அவரிடமிருந்து பணத்தை மீட்க அது உதவும். ஆனால் அது இரண்டு தனியார் செய்துகொண்ட ஏற்பாடு. அரசு சட்டம் போட்டுச் சுமத்திய கடமையை அவர்கள் தங்களுக்குள் பேசி இன்னொருவர் தலையில் கட்டிவிட முடியாது. மேலும் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் வாடகைதாரருக்குக் கொடுக்கப்படுவது அவருடைய தளம் மட்டும்தான். படிக்கட்டு, நடைபாதை, மின்பலகை அறை, கட்டடம் முழுமைக்குமான எச்சரிக்கை மணி இவையெல்லாம் பொதுப் பகுதி. உரிமையாளர் தரப்பிலேயே நிற்கும். ஆக, அந்த அட்டைப்பெட்டிகள் கடைக்காரருடையவை, அவை கிடக்கும் இடம் உங்களுடையது.

"வேறொருவர் செய்ததுக்கு நான் எப்படி?" என்று கேட்பவர்களிடம் நான் டெல்லி உப்கார் திரையரங்க வழக்கைத்தான் சொல்வேன். 1997 ஜூன் 13 அன்று தரைத்தள வாகன நிறுத்தத்தில் இருந்த மின்மாற்றியில் தீ பிடித்தது. அந்த மின்மாற்றி திரையரங்கினுடையது அல்ல, மின்வாரியத்துடையது. அதைச் சரியாகப் பழுதுபார்க்காததும் வாரியத்தின் தவறுதான். ஆனால் புகை மேலே ஏறி பால்கனிக்கு வந்தபோது, வலது பக்க வெளியேறும் வழியை ஒரு தனிப் பெட்டி இருக்கை அடைத்துக்கொண்டிருந்தது. கூடுதல் நாற்காலிகள் போட்டு நடைவழியையும் மூடியிருந்தார்கள். 59 பேர் இறந்தார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைப் பிரித்தபோது மின்வாரியத்தின் பங்கு 15 சதவீதம், திரையரங்கு நடத்தியவர்களின் பங்கு 85 சதவீதம். தீ எங்கிருந்து வந்தது என்பதைவிட, மக்கள் ஏன் வெளியே போக முடியவில்லை என்பதே கனமாக நின்றது. இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும்: 2007இல் விசாரணை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்த 12 பேரில் திரையரங்கின் வாயிற்காப்பாளர் ஒருவரும் இருந்தார். அவரும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான்.

சரி, இப்போது என்ன செய்ய வேண்டும்?

பூட்டை முதலில் பார்ப்போம். அது கதவின் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பது முக்கியம். படிக்கட்டுப் பக்கம் என்றால் அது பொதுப் பகுதி. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்து, இன்றே கழற்றுங்கள். பயிற்சி மையத்தின் உள்பக்கம் என்றால், நீங்களாகப் போய் உடைப்பது இன்னொரு வழக்கை இழுக்கும். ஒப்பந்தத்தில் ஆய்வுக்காக உள்ளே வரும் உரிமை பற்றிய பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள்: வகுப்பு நடக்கும் எந்த நேரத்திலும் அந்தக் கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும்; இல்லையென்றால் அன்று வகுப்பு நடக்கக் கூடாது. கேட்கவில்லை என்றால் தீயணைப்பு அதிகாரியிடம் நீங்களே எழுத்தில் சொல்லுங்கள், நீதிமன்றத் தடையாணைக்கும் போகலாம்.

அவர்களுடைய திருட்டுப் பயத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். அது நியாயமான பயம், அதற்கு வழி சொன்னால்தான் பூட்டு திரும்பி வராது. வெளியிலிருந்து திறக்க முடியாமல், உள்ளிருந்து கம்பியை அழுத்தினால் உடனே திறக்கும் கதவுகள் இருக்கின்றன. பேனிக் பார் என்பார்கள். திறந்தால் மணி அடிக்கிற மாதிரியும் வைக்கலாம். காந்தப் பூட்டு என்றால் தீ எச்சரிக்கை மணி அடித்ததும், மின்சாரம் போனதும் தானாக விடுபடும் வகையாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் சாவியைத் தொங்கவிடும் யோசனையை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். புகை நிறைந்தால் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்க்கவே முடியாது.

அட்டைப்பெட்டிகள் விஷயத்தில் பேச்சே வேண்டாம். படிக்கட்டின் அடியில் பிடிக்கும் தீ, அந்தப் படிக்கட்டையே புகைபோக்கியாக்கிவிடும். உடனே அகற்றச் சொல்லுங்கள், அகற்றாவிட்டால் நீங்கள் அகற்றிச் செலவைக் கேளுங்கள். இரும்புப் படிக்கட்டு, கல் படிக்கட்டு என்ற சமாதானம் எடுபடாது.

அடுத்தது உங்கள் பதிவேடு. ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு கொண்டுவந்த எச்சரிக்கை மணிச் சோதனைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒரு வருடத்துப் பதிவும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே உட்காரலில் எழுதியது. அதில் சோதனை நடந்ததாகச் சொன்ன ஒரு நாள், கட்டடமே மூடியிருந்த விடுமுறை நாள். அந்த ஒரு வரி மீதிப் பதிவு முழுவதையும் சாய்த்துவிட்டது. உங்களிடம் பழைய பதிவு இல்லையென்றால் இல்லை என்றே இருக்கட்டும். இன்றைய தேதியிலிருந்து உண்மையாகத் தொடங்குங்கள். மணி சோதனை, தீயணைப்பானின் அழுத்தமானி, அவசர விளக்கு, கதவு தானாக மூடுகிறதா என்பது, யார் பார்த்தார், என்ன குறை, என்றைக்குச் சரியானது.

உரிமையாளருக்கு ஒரு கடிதம் அல்லது மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி விடாதீர்கள். குறைகள் இவை, நான் செய்தவை இவை, உங்கள் பணமும் ஒப்புதலும் தேவைப்படுபவை இவை, நோட்டீஸின் கெடு இந்த நாள் என்று எழுதுங்கள். கோபமான சொல் ஒன்றும் வேண்டாம். காப்பீட்டுப் பத்திரத்தின் நகலையும் அதிலேயே கேளுங்கள். வெளியேறும் வழிகளும் எச்சரிக்கைக் கருவிகளும் முறையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தால், இந்தப் பூட்டைக் காட்டியே இழப்பீட்டை மறுக்கப் பார்ப்பார்கள். பொறுப்பைப் பற்றிச் சொன்னால் அசையாத உரிமையாளர்கள் இதைப் படித்ததும் அசைவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். செய்து முடித்ததைப் படங்களோடு காட்டுங்கள், முடியாததுக்கு வேலை ஆணையின் நகலோடு கூடுதல் காலம் கேளுங்கள். அது திருத்தச் சொல்லும் நோட்டீஸா, பயன்படுத்தவே தடை விதிக்கும் நோட்டீஸா என்று கவனமாகப் படியுங்கள். மேல்முறையீடு செய்தால் முதல் வகை பல இடங்களில் நிறுத்திவைக்கப்படும். தடை நோட்டீஸ் பொதுவாக அப்படி நிறுத்திவைக்கப்படாது. அதை மீறி ஒரு நாள் வகுப்பு நடந்தாலும் குற்றம்.

எல்லாவற்றையும் எழுதிய பிறகும் உரிமையாளர் அந்தக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், வேலையை விடும் நிலை வந்தாலும் மறுத்துவிடுங்கள். சாவிக்கொத்தை ஒப்படைக்கும்போது, எந்தச் சாவி, எந்தத் தேதி, அன்று பின்பக்கக் கதவு திறந்திருந்ததா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.