பையன் தேவகோட்டையில், அப்பா சிங்கப்பூரில்: எந்த கோர்ட்டுக்குப் போவது?

கேள்வி: சொந்த ஊர் காரைக்குடி, வேலை சிங்கப்பூரில். மாமனாரின் சாந்திக்காக (வயது நிறைவு விழா) மனைவியும் ஆறு வயது மகனும் ஏப்ரலில் தேவகோட்டை போனார்கள். ஜூனில் திரும்ப டிக்கெட் இருந்தும் வரவில்லை, அங்கேயே ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள். “தைக்குள்ள பேசி முடிச்சிரலாம், பொறுங்க” என்கிறார்கள் பெரியவர்கள். வேறு நாட்டுக்குக் கொண்டுபோன பிள்ளைகளைத் திருப்பி அனுப்பச் சொல்லும் ஹேக் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் இருக்கிறதாமே, அதை வைத்துப் பையனை அழைத்து வர முடியுமா?

பதில்: முடியாது. 1980-இல் உருவான அந்த ஒப்பந்தம் இரண்டு நாடும் சேர்ந்திருந்தால்தான் செல்லும். சிங்கப்பூரில் அது 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-லேயே பரிந்துரைத்தும் பயனில்லை.

அதனால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் தை வரை காத்திருந்தால் வழக்கின் பாதி பலம் போய்விடும். பெரியவர்கள் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து பேசட்டும், நான் தடுக்கவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பேச்சு நடக்கும்போதே மனுவும் போக வேண்டும். மாதம் ஏற ஏற, பையன் இங்கே வேர் பிடித்துவிட்டான் என்ற வாதம் எதிர்த்தரப்புக்குக் கிடைக்கும்.

முதலில் சிங்கப்பூர் குடும்ப நீதிமன்றத்தில் பராமரிப்பு உரிமை கேட்டு, பையனைத் திரும்ப அழைத்து வரச் சொல்லும் உத்தரவு வாங்குங்கள். அதை இங்கே காட்டினால் உடனே ஒப்படைத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். குழந்தையின் நலன்தான் முதன்மை, வெளிநாட்டு உத்தரவு கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு விஷயம் மட்டுமே என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2017-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் அந்த உத்தரவோடு வருபவருக்கும் வெறுங்கையோடு வருபவருக்கும் வித்தியாசம் இருக்கிறது.

அப்புறம் ஆட்கொணர்வு மனு, அதாவது பையனை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு. தேவகோட்டை சிவகங்கை மாவட்டம் என்பதால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட வேண்டும். அம்மாவும் இயற்கைக் காப்பாளர்தானே என்பார்கள்; அதனாலேயே மனு தள்ளுபடியாகிவிடாது. 2022-இல் ஒரு தமிழ்நாட்டு வழக்கில், அப்பா இங்கே வைத்திருந்த இரண்டு பிள்ளைகளை அமெரிக்காவில் இருக்கும் அம்மாவிடம் அனுப்பச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதே சமயம், போலீஸில் கடத்தல் புகார் கொடுத்தால் பெரும்பாலும் ‘குடும்பத் தகராறு’ என்று திருப்பி அனுப்புவார்கள். அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

கோயிலில் உங்கள் புள்ளி (குடும்பப் பதிவு) எங்கே என்று நீதிபதி கேட்கமாட்டார். பையன் எங்கே வளர்ந்தான் என்று கேட்பார். கிண்டர்கார்டன் வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, அடுத்த ஜனவரியில் பிரைமரி ஒன்றில் சேர்க்க ஏற்பாடு செய்திருந்தால் அந்தக் கடிதம், எல்லாம் எடுத்து வையுங்கள். எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிது அந்த ஜூன் டிக்கெட். திரும்பி வருவதாகத்தான் கிளம்பினார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். “ஸ்கூல் திறக்குமுன் வந்துடறோம்” என்பது மாதிரி வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழித்துவிடாதீர்கள். பையனுக்கு பிஆர் (சிங்கப்பூர் நிரந்தரவாசம்) என்றால், திரும்ப உள்ளே வர வேண்டிய ரீ-என்ட்ரி பெர்மிட் எந்தத் தேதி வரை என்றும் பாருங்கள். காலாவதியாகப் போகிறது என்றால் அவசர விசாரணை கேட்க அது நல்ல காரணம்.

மனைவி ஏன் திரும்பவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. அடி, மிரட்டல் என்று அவர் சொல்லி, அது உண்மையாகவும் இருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு உதவாது. அப்படி இல்லையென்றால், அவரும் கூடவே வரலாம், டிக்கெட், தனி வீடு, மாதச் செலவு என் பொறுப்பு என்று மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். பையனை மட்டும் கொடு என்று நிற்பவரைவிட, இப்படிச் சொல்பவரின் மனுவுக்கு நீதிமன்றம் கூடுதலாகக் காது கொடுக்கும். பணம் அனுப்புவதை நிறுத்தாதீர்கள். வழக்கு முடியும்வரை தினமும் வீடியோ காலில் பேச இடைக்கால உத்தரவும் கேளுங்கள். 2020-இல் உச்ச நீதிமன்றமே அதை வலியுறுத்தியிருக்கிறது. ஸ்கூல் வாசலில் காத்திருந்து பையனைத் தூக்கிக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஓடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் வர முடியாது. காரைக்குடியில் இருக்கும் அப்பாவுக்குப் பவர் எழுதி, சிங்கப்பூரில் உள்ள இந்திய ஹை கமிஷனில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.