கம்பியை இழுத்தால் எவ்வளவு காற்று வரும்? – ஸ்கூபா கேள்வி-பதில்

பழைய ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரை முதுகில் சுமந்து நீருக்குள் மூழ்குவது) படங்களில் முதுகுச் சிலிண்டரை ஒட்டி ஒரு கம்பி தொங்குகிறதே, எதற்கு?

அதுதான் ரிசர்வ் கம்பி. மேல்முனை, சிலிண்டரின் வாயில் இருக்கும் ஜே வால்வு என்ற ரிசர்வ் வால்வின் லீவரில் மாட்டியிருக்கும். கீழ்முனை கைக்கு எட்டும்படி இடுப்புக்குக் கீழே வளையமாக முடியும். வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. சிலிண்டரில் அழுத்தம் ஏறத்தாழ 20 பாருக்கு (ஒரு பார் என்பது ஏறக்குறைய தரையில் உள்ள காற்றின் அழுத்தம்) இறங்கியதும் அது காற்றுவழியை அடைக்கத் தொடங்கும். மூச்சு இழுக்க இழுக்கக் கனமாகும். உடனே கம்பியைக் கீழே இழுத்தால் வழி திறந்துவிடும். மிச்சக் காற்றோடு மேலே வரலாம். பழைய மோட்டார் பைக்கில் பெட்ரோல் குழாயை ரிசர்வுக்குத் திருப்புவோமே, அதே ஏற்பாடு. தனி டேங்க் எதுவும் கிடையாது. அடியில் கிடக்கும் அதே காற்றுதான்.

அந்த மிச்சம் எவ்வளவு நேரம் தாங்கும்?

போட்டுப் பார்ப்போம். 12 லிட்டர் சிலிண்டரில் 20 பார் என்றால் 240 லிட்டர் காற்று. நிதானமாக மூச்சு விடுபவருக்குத் தரையில் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் போதும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. செலவும் நான்கு மடங்காகி 80 லிட்டர். ஆக, அங்கேயே நின்றால் மூன்று நிமிடம்கூட முழுசாகக் கிடைக்காது, ஏனென்றால் சிலிண்டரின் அழுத்தம் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு இறங்கிவிட்டால் அதற்குமேல் உறிஞ்ச முடியாது. அந்தக் காலத்து ஏறும் வேகமான நிமிடத்துக்கு 18 மீட்டரில் மேலே வர இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஏற ஏறச் செலவும் குறையும் என்பதால் போதும். ஆனால் பதறினால் மூச்சு இரட்டிப்பாகும். ரிசர்வ் வீடு திரும்ப மட்டும்தான். இன்னொரு மீனைப் பார்க்க அல்ல.

கம்பியை இழுத்தும் காற்று வராமல் போனதுண்டா?

உண்டு. ஜே வால்வின் பெரிய ஆபத்தே அதுதான். லீவர் மேலே இருந்தால்தான் ரிசர்வ் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். படகில் சிலிண்டரை நகர்த்தும்போதோ, நீருக்குள் கயிறோ பாசியோ சிக்கியோ லீவர் கீழே இறங்கிவிடும். முதுகுக்குப் பின்னால் இருப்பதால் தெரியவும் தெரியாது. மூச்சு முட்டும்போது கம்பியைத் தேடிப் பிடித்தால் அது ஏற்கெனவே கீழே இருக்கும். மூழ்கியவர் ரிசர்வை எப்போதோ குடித்துத் தீர்த்திருப்பார். அதனால்தான் குதிக்குமுன் கூட்டாளியின் லீவரைக் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தது. இன்னொன்று: பழைய எளிய ரெகுலேட்டர்களில் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவி) காற்று குறையக் குறைய மூச்சு தானாகவே கனக்கும். பிறகு வந்த மேம்பட்ட ரெகுலேட்டர்கள் கடைசிவரை சுலபமாகக் காற்றுத் தந்தன. கருவி நன்றானது, எச்சரிக்கைதான் போய்விட்டது.

ஜே வால்வு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்?

1943-இல் பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் அக்வாலங் என்ற ஸ்கூபா மூச்சுக்கருவியைச் செய்த புதிதில், மூச்சு கனத்தால் மேலே கிளம்ப வேண்டியதுதான். எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டனில் இரட்டைச் சிலிண்டர்காரர்கள் கையாண்ட முறை. ஒன்றை மூடிவைத்து மற்றதில் மட்டும் மூச்சு விடுவார்கள். அது தீரும் தறுவாயில் இடைவால்வைத் திறப்பார்கள். காற்று இந்தப் பக்கம் பாயும் சத்தம் கேட்கும்; சத்தம் நின்றதும் இரண்டிலும் சமமாக இருக்கும், திரும்ப மூடிவிடுவார்கள். முதல் தடவை திறந்தால் ஏறக்குறைய பாதி செலவு, இரண்டாம் தடவை என்றால் முக்கால். எண்ணிக்கை மட்டும் நினைவில் இருந்தால் போதும், அழுத்தம் காட்டும் கேஜே இல்லாமல் கணக்குத் தெரியும்.

அப்புறம் ஏன் எல்லாம் மறைந்துபோயின?

கையில் பார்க்கக்கூடிய பிரஷர் கேஜ் 1960-களில் பரவத் தொடங்கி 70-களில் சாதாரணமாகிவிட்டது. பார்த்துத் தெரிந்துகொள்ள முடிந்தபின் கம்பி எதற்கு? குகைக்குள் போகிறவர்கள் இன்னும் கறாராக, மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.

பழைய ஜே வால்வுச் சிலிண்டர் ஒன்று கிடைத்தது. பயன்படுத்தலாமா?

முதலில் சிலிண்டருக்கு நீரழுத்தச் சோதனையும் உட்புறப் பரிசோதனையும் முடியட்டும். வால்வைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். காற்று நிரப்பும்போது லீவர் கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரியாக நிரம்பாது. நீருக்குள் இறங்கும்போதும் கீழேயே விட்டுவிடுங்கள். ரெகுலேட்டரில் நல்ல கேஜ் ஒன்றை மாட்டி, 50 பார் காட்டும்போது மேலே வந்து சேர்ந்திருக்கும்படி திட்டமிடுங்கள்.