பால் கக்கும் குழந்தைக்கு அமிலச் சொட்டு மருந்து தேவைதானா?

கேள்வி: எங்கள் முதல் குழந்தைக்குப் பதினோரு வாரம் ஆகிறது. பிறந்தபோது 2.9 கிலோ; பத்தாவது வாரத் தடுப்பூசி போட்ட அன்று 4.7 கிலோ. தாய்ப்பால் கொடுக்கிறேன். இரவில் நன்றாகத் தூங்கட்டும் என்று ஒன்பது மணிக்குத் தாய்ப்பால் கொடுத்த கையோடு 120 மி.லி. பவுடர் பாலும் புட்டியில் தருகிறோம். குடிக்கும் ஒவ்வொரு முறையும் தயிர் போலக் கக்குகிறான். மாலை வேளைகளில் உடம்பை வில்லாக வளைத்து அழுகிறான். இது அசிடிட்டிதான் என்று கூறி, உறவினர் ஒருவர் தம் குழந்தைக்குக் கொடுத்த சொட்டு மருந்தில் மீதியைத் தந்திருக்கிறார். குடித்தவுடன் தூளியில் போடச் சொல்கிறார் மாமியார். குப்புறப் படுக்க வைத்தால் கக்காது என்கிறார் தோழி. யார் சொல்வதைக் கேட்பது? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை, கடிதத்தின் தொடக்கத்தில் நீங்களே எழுதியிருக்கும் எடைக் கணக்கில் இருக்கிறது. எழுபது நாளில் 1.8 கிலோ கூடியிருக்கிறது என்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம். முதல் மூன்று மாதங்களில் ஒரு குழந்தை நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை கூட வேண்டும் என்பதே நாங்கள் எதிர்பார்க்கும் அளவு. குடித்த பாலில் பெரும்பகுதியைக் கக்கி இழக்கும் குழந்தையால் இப்படி வளர இயலாது. ‘கக்கின பிள்ளை தக்கும்’ என்று பாட்டிமார் சொல்வது இத்தகைய குழந்தையைப் பார்த்துத்தான். எடை கூடாத குழந்தைக்கு அந்தப் பழமொழியைச் சொல்லி ஆறுதல் அடையக் கூடாது என்பதை மட்டும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து வழிவிட்டு, பிறகு மூடிக்கொள்வது அதன் வேலை. ஆனால் இரைப்பை நிறைந்து விரியும்போது, விழுங்காத நேரத்திலும் அது சில நொடிகள் தளர்ந்து திறக்கும். இது பெரியவர்களுக்கும் நடப்பதுதான். நாம் நிமிர்ந்திருக்கிறோம், திட உணவு உண்கிறோம், நம் உணவுக்குழாய் நீளமானது. ஆகவே மேலேறியது வாய்வரை வருவதில்லை. பச்சிளம் குழந்தையோ நாள் முழுவதும் படுத்திருக்கிறது, உணவு முழுவதும் திரவம், உடல் எடையோடு ஒப்பிட்டால் அது குடிக்கும் அளவும் நம்மைவிடப் பல மடங்கு அதிகம். தசை ஒரு நொடி தளர்ந்தால் பால் கன்னத்தில் வழிந்துவிடும். அது தயிர் போலத் திரிந்து வருவதைப் பார்த்துப் ‘பால் செரிக்கவில்லை’ என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் இரைப்பையின் அமிலமும் நொதிகளும் தம் வேலையைத் தொடங்கியதால்தான் பால் திரிகிறது.

நான்கு மாத வயதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் நாளில் ஒரு முறையாவது இப்படி எதுக்களிக்கின்றன. உட்காரவும் திட உணவு உண்ணவும் தொடங்கிய பிறகு இது வேகமாகக் குறைந்து, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் அறவே நின்றுவிடும். உங்கள் மகன் இன்னும் ஏறுமுகத்தில்தான் இருக்கிறான். அடுத்த சில வாரங்களில் கக்குவது சற்றுக் கூடினாலும், எடை கூடிக்கொண்டே இருந்தால் அதை நோய் முற்றியதாகக் கொள்ள வேண்டாம். எவ்வளவு கக்குகிறான் என்பதில் ஐயம் இருந்தால் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. தண்ணீரை ஒரு துணியில் ஊற்றிப் பாருங்கள். அது பரவும் பரப்பைக் கண்டால் ‘குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது’ என்று நாம் சொல்வது எவ்வளவு மிகை என்பது புரியும்.

இனி அந்தச் சொட்டு மருந்துக்கு வருகிறேன். ‘அசிடிட்டி’ என்ற சொல்லே இந்த வயதில் நம்மைத் தவறான வழிக்கு இழுக்கிறது. பால் குடித்து ஓரிரு மணி நேரம் வரை இரைப்பையின் அமிலத்தைப் பாலே மட்டுப்படுத்தி வைத்திருக்கும். குடித்தவுடன் கக்குவது பெரும்பாலும் பால்தான், சுடும் அமிலம் அன்று. அமிலத்தைக் குறைக்கும் மருந்து அமிலத்தை மட்டுமே குறைக்கும், தசையை இறுக்காது. எனவே கக்கும் தடவையும் அளவும் அப்படியேதான் இருக்கும். அழுகையாவது குறையுமா என்றால், அதற்கும் நேரடியான விடை உண்டு. பால் குடித்த பின் ஓயாமல் அழுத, ஒரு வயதுக்கு உட்பட்ட 162 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு லான்சோப்ரசோல் என்ற அமிலத் தடுப்பு மருந்தையும் மற்றொன்றுக்கு மருந்தில்லா வெறும் கரைசலையும் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-ஆம் ஆண்டு வெளியானது. இரு பிரிவிலும் சரியாக 54 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அழுகை குறைந்திருந்தது. மருந்து பெற்ற பிரிவில் கடுமையான பக்க விளைவுகள் பத்துக் குழந்தைகளுக்கும், பெறாத பிரிவில் இரண்டு குழந்தைகளுக்கும் ஏற்பட்டன. நுரையீரல் தொற்று அவற்றில் முக்கியமானது. வாய்வழி உள்ளே போகும் கிருமிகளை அழிப்பதும் இரைப்பை அமிலத்தின் வேலை என்பதை எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. மருந்து தொடங்கிய மாதத்தில் அழுகை தானாகவே குறைந்துவிடுவதால், புகழ் முழுவதும் மருந்துக்குப் போய்ச் சேருகிறது. மருத்துவர்களாகிய நாங்களும் இந்த மயக்கத்துக்கு விலக்கல்லர்.

அமில மருந்தே கூடாது என்பதன்று இதன் பொருள். உணவுக்குழாயில் புண் இருப்பது உறுதியான குழந்தைகளுக்கும், நரம்பியல் குறைபாடோ பிறவியிலேயே உணவுக்குழாய்க் குறையோ உள்ள சில குழந்தைகளுக்கும் அது தேவைப்படும்; அப்போதும் நான்கு முதல் எட்டு வாரம் என்று காலவரையறை வைத்து, பலன் உண்டா என்று பார்த்து நிறுத்துவதே முறை. வாந்தியை நிறுத்த நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் டாம்பெரிடோன் சொட்டுக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் ஆபத்து உண்டு என்பதால் 2014-இல் ஐரோப்பாவில் அதன் பயன்பாடு சுருக்கப்பட்டது. அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் மருந்துகள் அனைத்தையும், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு காரணமாக, 2020-இல் அமெரிக்கா சந்தையிலிருந்து விலக்கச் செய்தது. உறவினர் தந்த புட்டியில் எந்த மருந்து, எந்தச் செறிவில் இருக்கிறது என்று நான் அறியேன். வேறொரு குழந்தையின் எடைக்குக் கணக்கிட்ட அளவு உங்கள் மகனுக்குப் பொருந்தாது என்பது மட்டும் உறுதி. கொடுக்கவே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், புட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

நான் மாற்றச் சொல்வது ஒன்பது மணிப் பாலைத்தான். இப்போது ஐந்து கிலோவை நெருங்கும் குழந்தைக்கு, பவுடர் பால் மட்டுமே தருவதாக வைத்துக்கொண்டாலும், கிலோவுக்கு 150 மி.லி. வீதம் ஒரு நாளைக்குத் தேவைப்படுவது சுமார் 730 மி.லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 90 மி.லி.தான் வரும். வயிறு நிறையத் தாய்ப்பால் குடித்த குழந்தைக்கு அதன் மேல் 120 மி.லி. என்பது நிறைந்த குடத்தில் மறுபடி ஊற்றுவது போன்றது, வழியத்தான் செய்யும். உங்கள் மகனின் எடை, தாய்ப்பால் போதுமானதாக இருப்பதையே காட்டுகிறது. எனவே அந்தப் புட்டியைச் சில நாள்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, இரவில் பசித்து எழுந்தால் தாய்ப்பாலே கொடுங்கள். ஆறு மாதம் முடியும்வரை வேறெதுவும் தேவையில்லை. கக்குகிறான் என்பதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திப் பவுடர் பாலுக்கு மாறுவது தலைகீழான யோசனை. தாய்ப்பால் இரைப்பையை விட்டு விரைவில் கீழிறங்கும், பவுடர் பால் அவ்வளவு விரைவில் இறங்குவதில்லை. பால் கெட்டியானால் தங்கும் என்று அரிசி மாவுக் கஞ்சி கலப்பவர்களும் உண்டு. கெட்டிப்படுத்துவது சில குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லிச் செய்யும் சிகிச்சை. நாமாகச் செய்யும் வேலை அன்று.

பால் வேகமாகச் சுரந்து குழந்தை திணறினால், நீங்கள் சற்றுச் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையை உங்கள் மேல் படுக்க வைத்து ஊட்டுங்கள், வேகம் மட்டுப்படும். ஒரு மார்பு முடிந்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள்; ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் முதுகைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. குடித்து முடித்தபின் இருபது முப்பது நிமிடம் உங்கள் மார்போடு அணைத்து நிமிர்த்தி வைத்திருங்கள். அந்த நேரத்தில் குளிப்பாட்டுவது, வயிற்றை அழுத்தி எண்ணெய் தேய்ப்பது, துணி மாற்றக் கால்களை உயரத் தூக்குவது ஆகியவற்றைத் தள்ளிப் போடுங்கள். இடுப்பு நாடா இறுகக் கட்டிய ஜட்டியையும் சற்றுத் தளர்த்துங்கள்.

தூளியைப் பற்றி உங்கள் மாமியாரிடம் வாதிட வேண்டாம். ஆனால் குடித்தவுடன் போடுவதை மட்டும் மென்மையாக மறுத்துவிடுங்கள். தூளியில் உடல் வளைந்து வயிறு மடங்குவதால் இரைப்பையின் மேல் அழுத்தம் கூடுகிறது. முகவாய் மார்பில் பதிந்து மூச்சுக்கும் இடைஞ்சலாகலாம். சாய்வு நாற்காலி, பவுன்சர் போன்றவற்றுக்கும் இதே குறை உண்டு. தூங்குவதற்குச் சமதளமான, கெட்டியான விரிப்பே நல்லது. கடுகுத் தலையணை உட்பட எந்தத் தலையணையும் வேண்டாம்.

தோழி சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது அதிக ஆபத்தானது. குப்புறப் படுத்தால் எதுக்களிப்பு குறையும் என்பது சரியே. ஆனால் குப்புறத் தூங்கும் குழந்தைகளுக்கு உறக்கத்தில் திடீர் மரணம் நேரும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. மல்லாந்து படுத்தால் கக்கிய பால் புரையேறிவிடாதா என்ற அச்சம் எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதன் கீழேயும் அமைகின்றன. மேலேறி வரும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேட்டில் ஏற வேண்டும். குப்புறப் படுத்தாலோ மூச்சுக்குழாய் கீழே வந்துவிடும். ஆகவே பகலோ இரவோ தூங்க வைப்பது எப்போதும் மல்லாந்துதான். விழித்திருக்கும்போது, நீங்கள் அருகில் இருந்து பார்த்துக்கொண்டால், சற்று நேரம் குப்புற விடலாம்.

மாலை அழுகையைக் கக்குவதோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. நலமாக இருக்கும் குழந்தைகளும் பிறந்த ஆறாவது வாரத்தை ஒட்டி மிக அதிகமாக அழுது, மூன்று நான்கு மாதத்தில் தணிகின்றன; அந்த அழுகை பெரும்பாலும் மாலையில்தான் வரும். ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் வளைந்து நெளிந்து மார்பை உதறித் தள்ளினால் மட்டும் அது வேறு. அதனுடன் மலத்தில் சளியோ இரத்தக் கீற்றோ, தோலில் கரப்பான் போன்ற தடிப்போ இருந்தால் பசும்பால் புரத ஒவ்வாமையை எண்ணிப் பார்க்க வேண்டும். அப்போது தாயே இரண்டு முதல் நான்கு வாரம் காபி, தேநீரில் சேரும் பால் தொடங்கித் தயிர், மோர், பன்னீர், பால் இனிப்புகள்வரை அனைத்தையும் விலக்கிப் பார்ப்பதும், குறைந்தால் மீண்டும் உண்டு சோதிப்பதும் உண்டு. இதை மருத்துவரின் மேற்பார்வையில், சுண்ணாம்புச் சத்துக்கு மாற்று ஏற்பாட்டுடன் செய்ய வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

கக்கும் குழந்தையைக் கண்டால் யோசனை சொல்லாத அண்டை வீடு இல்லை. உரை மருந்து, கிரைப் வாட்டர், தெருவில் சங்குக் கணக்கில் விற்கும் கழுதைப் பால், நாவில் தடவும் தேன் இவற்றில் எதுவும் அந்த வளையத் தசையை வலுப்படுத்தாது. காய்ச்சாத பாலால் தொற்றும், ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதால் அரிதாகக் கடும் நஞ்சேற்றமும் வரக்கூடும். தொக்கம் எடுப்பதும், குடலேற்றம் என்று குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குவதும் கூடவே கூடாது. குலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியலாம்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உள்ளன. கக்கியது இலைப்பச்சை நிறத்தில் இருந்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது சில மணி நேரத்திலேயே கேடு செய்யும் என்பதால் விடியும்வரைகூடக் காத்திராமல் குழந்தை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் சற்றுத் தள்ளிப் போய் விழும்படி பீறிட்டு வாந்தி எடுத்து, உடனே மறுபடி பசித்து அழுதால், இரைப்பையின் கீழ்வாய் தடித்து அடைபட்டிருக்கக்கூடும். இது பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வாரத்துக்குள், ஆண் குழந்தைகளிடம் அதிகமாகத் தெரிய வரும். வாந்தியில் இரத்தம், வயிறு உப்பிக் கெட்டிப்படுதல், உச்சிக்குழி புடைத்தல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல், மூச்சு நின்று நீலம் பாரித்தல், மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் ஆகிய எதுவும் எதுக்களிப்பின் அடையாளம் அன்று. அவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வாந்திக்கும் வேறு காரணம் தேட வேண்டும்.

உங்கள் மகனுக்கு இவற்றில் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. நாளுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறானா என்று மட்டும் கவனித்து வாருங்கள். பதினான்காவது வாரத் தடுப்பூசிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தாய் சேய் நல அட்டையை எடுத்துச் சென்று, முன்பு நிறுத்த அதே எடைக் கருவியில், ஆடையில்லாமல் நிறுத்துப் பாருங்கள். பத்தாவது வாரத்து 4.7 கிலோ 5.3-ஐ எட்டியிருந்தால் எந்த மருந்தும் வேண்டியதில்லை. கணிசமாகக் குறைந்திருந்தால் அங்கேயே மருத்துவரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.