மறுதொடக்கத்துக்குப் பின் கிளிப்போர்டில் சேமித்தவை மறைவது பற்றி

கணினியை மறுதொடக்கம் செய்ததும் கிளிப்போர்டில், அதாவது நகலெடுத்தவை தங்கும் இடத்தில், சேமித்தவை மறைந்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் விசையையும் வி விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் கிளிப்போர்டுப் பட்டியலில், நீங்கள் நாள்தோறும் ஒட்டவேண்டிய பதில் வாசகங்களைப் ‘பின்’ செய்துவிட்டால் (அதாவது, ஊசிக் குறியை அழுத்தி நிலைநிறுத்திவிட்டால்), கணினியை அணைத்துத் திறந்தாலும் அவை அப்படியே இருக்கும். பின் செய்யாதவை மறுதொடக்கத்தில் அழிவது பழுதன்று. விண்டோஸ் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

காலையில் நகலெடுத்தது மாலைக்குள்ளேயே காணாமல் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெரும்பாலும் எண்ணிக்கை வரம்பே காரணமாக இருக்கும்: பட்டியல் 25 உருப்படிகளை மட்டுமே வைத்துக்கொள்வதால், புதியது ஒன்று வரும்போது பின் செய்யப்படாத பழையது வெளியேறிவிடும்.

உறுதிசெய்துகொள்ள, இரண்டு வரிகளை நகலெடுத்து, ஒன்றை மட்டும் பின் செய்துவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். பின் செய்ததும் மறைந்தால் மட்டுமே வேறு கோளாறைத் தேட வேண்டும்.

நூற்றுக்கணக்கில் சேமிக்க வேண்டுமெனில், இலவசமாகக் கிடைக்கும் டிட்டோ போன்ற தனி மென்பொருளே பொருத்தம்; அது எல்லாவற்றையும் வட்டில் தன் தரவுத்தளத்தில் எழுதி வைப்பதுடன், தேடவும் வசதி தருகிறது.

அந்த வசதியிலேயே ஆபத்தும் இருக்கிறது. நகலெடுக்கும் கடவுச்சொல்லும் அங்கே தங்கிவிடக்கூடும் என்பதால், பலர் பயன்படுத்தும் கணினியில் அத்தகையவற்றை உடனுக்குடன் நீக்கிவிடுங்கள். விண்டோஸ் பட்டியலில் ‘அனைத்தையும் அழி’ என்று கொடுத்தாலும் பின் செய்தவை போகமாட்டா. அவற்றைத் தனித்தனியாகத்தான் நீக்க வேண்டும்.