கோத்தகிரித் தம்பிக்கு: டபிள்யூஆர்எக்ஸ் வேண்டாம், ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பாருங்கள்

தம்பி கேட்டது இதுதான்: கோத்தகிரியிலிருந்து நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, கையில் 12,000 டாலர் இருக்கிறது, ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் என்ற டர்போ கார் வாங்கலாமா, பின்னால் ஊருக்கும் கொண்டுபோக முடியுமா? நான் அந்த வெலிங்டனில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. இப்போது லீவில் அருவங்காட்டு வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஊருக்குக் கொண்டுபோகும் ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். பழைய காரை இந்தியாவுக்குள் விட, அது தயாராகி 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. வரியோ கார் விலையையே தாண்டும். நீங்கள் பார்க்கும் வண்டிக்கு வயது பதினைந்தாவது இருக்கும். நம் நீலகிரியின் டிஎன் 43 நம்பரில் அதை ஓட்ட முடியாது. எங்கள் சித்தப்பாவும் நேற்று இதையேதான் கேட்டார், அவருக்கும் இதே பதில்தான்.

மற்றபடி ஜப்பான் பழைய கார் என்றாலே பயப்பட வேண்டாம். அங்கேயும் ஸ்டீயரிங் நம்மைப் போல வலப்பக்கம்தான். புது காருக்கு 3 வருஷத்திலும், பிறகு 2 வருஷத்துக்கொரு தடவையும் 'ஷாக்கென்' என்ற கட்டாயச் சோதனை உண்டு. அதற்குச் செலவு பிடிக்கும் என்பதால் பலரும் வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே தள்ளிவிடுகிறார்கள். ஆனால் நீங்களாக இறக்குமதி செய்யப் போகாதீர்கள். ஈஎஸ்சி, அதாவது வண்டி சறுக்காமல் தானே பிடித்துக்கொள்ளும் மின்னணு வசதி, இல்லாத பழைய கார்களை 2020 முதல், சில விதிவிலக்குகள் தவிர, நியூசிலாந்துக்குள் விடுவதில்லை. ஏற்கெனவே வந்து ஓடிக்கொண்டிருப்பதில் தேடுங்கள்.

தேடும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல் ஏலத்தாளைக் கேளுங்கள். ஜப்பான் ஏலத்தில் ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் எழுதுவார்கள். மூலையில் காரின் படம் கோடாக வரைந்திருக்கும், அதன் மேல் பேனாவால் எழுத்துகள். 'ஏ' என்றால் கீறல், 'யு' என்றால் பள்ளம், 'எஸ்' என்றால் துரு. 'டபிள்யூ' கண்டால் நிதானியுங்கள், அந்த இடத்தைத் தட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். மேலே மதிப்பெண் 4 அல்லது 4.5 இருந்தால் நல்லது. 'ஆர்' என்று இருந்தால் அடிபட்டுச் சரிசெய்த வண்டி. வாசலிலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தாளில் உள்ள கிலோமீட்டரும் மீட்டரில் ஓடுவதும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கார் மேல் யாருக்காவது கடன் பாக்கி இருந்தால், வாங்கிய பிறகும் வந்து தூக்கிக்கொண்டு போகலாம். அதைப் பிபிஎஸ்ஆர் பதிவேட்டில் பார்த்துவிடுங்கள்.

இனி டபிள்யூஆர்எக்ஸ். நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையில் வருபவை பெரும்பாலும் நாலு பையன்கள் கை மாறியவை. உயரத்தைக் குறைத்து, டர்போவை மாற்றி, சைலன்ஸரைப் பிடுங்கி வைத்திருப்பார்கள். பெரிய மாற்றங்களுக்கு, அவை பாதுகாப்பானவை என்று காட்டும் எல்விவி சான்றுத் தகடு இல்லையென்றால், வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வாரன்ட் ஆஃப் ஃபிட்னஸ் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். டைமிங் பெல்ட்டை ஏறக்குறைய 1,00,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், மாற்றிய ரசீது யாரிடமும் இருக்காது. திருடர்களுக்கும் இஷ்டமான வண்டி. நியூசிலாந்தில் இன்ஷூரன்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை. அதை நம்பி எடுக்காமல் விட்டு, அடுத்தவர் காரில் இடித்தால் செலவு உங்கள் தலையில்தான். வயது 25-க்குள் என்றால் டர்போ காருக்கு அவர்கள் கேட்கும் தொகை தூக்கிவாரிப் போடும்.

என்னைக் கேட்டால் சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். சிரிக்காதீர்கள், நம்மூர் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் ஸ்விஃப்ட் வேறு, இது வேறு. 2005-ல் வந்த ஜப்பான் மாடலில் 1.6 லிட்டர் எஞ்சின், 125 குதிரைத்திறன், எடை ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும். ஆட்டோமேட்டிக்கும் உண்டு, கியர் கையால் போடுவதாகப் பாருங்கள். டர்போ கிடையாது, பெல்ட்டுக்குப் பதில் செயின். சக்தி முழுக்க மேல் ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் வேகமாகச் சுற்றும்போதுதான் இருக்கிறது, அதனால் கியரை விடாமல் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏறுகிற கியரிலேயே இறங்கணும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது கை வந்த கலை. நேற்று சித்தப்பா மகன் கோத்தகிரி ரோட்டில் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கினான். வளைவுக்கு முன்பே இரண்டாம் கியர், எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டது, பிரேக்கில் கால் பட்டும் படாமலும். முன்னால் போன டூரிஸ்ட் காரிலிருந்து பிரேக் கருகும் நாற்றம் எங்கள் வண்டிக்குள் வந்தது.

வெலிங்டனிலிருந்து வைராரப்பா போகும் ரெமுடாக்கா மலைப்பாதை உங்களுக்குப் பிடிக்கும். உச்சி 555 மீட்டர்தான், குன்னூரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் வளைவுகள் அருமை, மேலே காற்று கதவைப் பிடுங்கும். அங்கேயும் நம் மலை ரயில் மாதிரி ஒன்று இருந்தது, 1955-ல் சுரங்கப்பாதை வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அந்த வளைவுகளில் பெரிய வேகம் தேவைப்படாது. ஞாயிறு விடியலில் போங்கள்.

சில்லறை விஷயங்கள்: சாவி திருகியதும் ஒரு பெண் ஜப்பானிய மொழியில் பேசினால் பதறாதீர்கள். சுங்கச் சாவடி அட்டை செருகவில்லை என்கிறாள், அட்டை செருகும் சின்னப் பெட்டியின் வயரைக் கழற்றினால் வாய் மூடிவிடும். பழைய ஜப்பான் ரேடியோ எஃப்எம் 90-க்கு மேல் பிடிக்காது, பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னக் கருவி போட வேண்டும். நம் லைசென்ஸ் ரொம்ப நாள் செல்லாது, எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு, இப்போதே படியுங்கள்.

நான் அடுத்த மாதம்தான் திரும்புகிறேன். அதற்குள் ஏதாவது அமைந்தால் ஏலத்தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.